இரண்டு ஊர்த் தண்ணீர்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, அக்கா மூவரும் சுகம், என் இடது முழங்காலை மட்டும் சேர்க்காதே, அது தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. அங்கே நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன வாரம் போனில் தீயைப் பற்றி நீ கேட்டபோது, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுப்பா என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். நீ கவனித்திருப்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குப் பெருமையான பாதியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். எழுதினால் அப்படி நழுவ முடியாது.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது, இப்போது வந்தால் நம் ஊர் எங்கே முடிகிறது என்று உனக்கே தெரியாது. பக்கத்து ஊருக்குப் போக ஏழு கிலோமீட்டர் வெறும் பொட்டலில் சைக்கிள் மிதிப்பாயே, அங்கே இன்று ஒரு முழம் காலி இடம் இல்லை. அவர்கள் இந்தப் பக்கம் கட்டிக்கொண்டே வந்தார்கள், நாம் அந்தப் பக்கம் கட்டிக்கொண்டே போனோம், ஒருநாள் ஒரு தெருவில் முட்டிக்கொண்டோம். அந்தத் தெருவின் நடுக்கோடுதான் எல்லை. நம் ஊர் வரிசைக்குத் திங்கட்கிழமை குப்பை வண்டி, எதிர் வரிசைக்கு வியாழக்கிழமை, அதனால் குப்பை வாரம் முழுக்க தெருவைக் குறுக்கே தாண்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே பெருநகரமாக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். யார் ஊர்ப் பெயர் முதலில் வருவது என்பதிலேயே எட்டு மாதம் போய்விட்டது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவங்ககூட இவ்வளவு சண்டை போட மாட்டாங்க என்கிறார் அப்பா.

பெயர் சேராவிட்டாலும் குழாய் சேரட்டும் என்று எங்கள் குடிநீர் அலுவலகத்தில் முதல் வேலை தொடங்கியது. அந்தத் தெருமுனையில் இரண்டு ஊர்க் குழாய்களையும் இணைத்து, நடுவில் ஒரு வால்வு வைத்து, அதை மூடி வைத்திருந்தோம். குழுத் தலைவர் வந்து திறப்பதாக ஏற்பாடு. அதைவிட முக்கியமான காரணம், அவர்கள் பக்கம் அழுத்தம் அதிகம், நம் குழாய்கள் உன் அப்பா வயசு. எழுத்து மூலம் உத்தரவு வராமல் அந்த வால்வை யாரும் தொடக்கூடாது என்று இன்ஜினியர் எங்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார். நம் தொட்டியிலிருந்து வரும் பழைய குழாயில் ஒரு பகுதியைப் புதிதாக மாற்றுவதற்காகக் கழற்றியும் வைத்திருந்தோம். அன்று காலை தண்ணீரை நிறுத்தியது நான்தான். அதனால் நம் வரிசையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

மத்தியானம் மூன்று மணிக்கு எதிர் வரிசையில் மெத்தை தைக்கும் பட்டறையில் தீப்பிடித்தது. குழாய் வேலைக்காக நான் அதே தெருவில்தான் நின்றிருந்தேன். மேல்மாடியில் நான்கு அறைகள், ஒன்றில் உன் அக்கா வாடகைக்கு இருக்கிறாள். மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் அந்த வாரம் அவளுக்குப் பகல் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் எனக்குப் பதற்றம் இல்லை. அந்தக் கட்டடம் பக்கத்து ஊரைச் சேர்ந்தது, அவர்கள் தீயணைப்பு நிலையம் பதினோரு கிலோமீட்டர் தள்ளி. நம் வண்டி யாரையும் கேட்காமல் நான்கு நிமிஷத்தில் வந்துவிட்டது. ஆனால் எதிர் வரிசைத் தீயணைப்புக் குழாயில் நம் ஆட்களின் ஹோஸ் மாட்டவில்லை. குழாய் வாயில் திருகும் மரை அவர்களுக்கு ஒரு அளவு, நமக்கு வேறு அளவு. இத்தனை வருஷத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை பார். நம் வரிசைக் குழாயில் மாட்டினார்கள், அதில் காற்றுதான் வந்தது. வண்டியில் இருந்த தண்ணீர் ஐந்து நிமிஷம் வந்தால் பெரிது. நிலைய அதிகாரி என்னைப் பார்த்து, அம்மா, தண்ணி எங்கம்மா என்று கத்தினார்.

வால்வுச் சாவி என் கையில் இருந்தது. நாலே எட்டில் இணைப்புக் குழி. இங்கேதான் நான் உனக்குச் சொல்லாத பாதி இருக்கிறது. மாடி ஜன்னலில் ஒரு கை தெரிந்தது, துண்டை ஆட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் பக்கத்து அறை வயலின் வாத்தியார் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் குழியில் இறங்கவில்லை. போனை எடுத்து இன்ஜினியரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது, குழாய் வெடித்தால் என் தலைதானே உருளும் என்று ஓடியது, ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது என்றும் ஓடியது. மூன்றாவது தடவை கூப்பிடும்போது வாத்தியார் பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உன் அக்கா வந்து நின்றாள். ராத்திரி வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள், தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். போன் எங்கே விழுந்தது என்று தெரியாது, அடுத்த நொடி நான் குழிக்குள் இருந்தேன்.

ஒரேயடியாகத் திறக்கவில்லை, கால் சுற்று, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு கால் சுற்று, கை மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அவர்கள் தண்ணீர் நம் குழாயில் இரைச்சலோடு வந்தது. ஹோஸ் விறைத்தது. நம் வரிசையில் இரண்டு இடத்தில் குழாய் வெடித்தது உண்மைதான். ஒன்று சலூனுக்குள்ளேயே. உன் அப்பா ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் நுரையோடு, கணுக்கால் தண்ணீரில் தெருவுக்கு ஓடிவந்தார். அந்தக் கோலத்திலேயே ஏணியடியில் நின்று அக்காவைக் கைபிடித்து இறக்கினார். நான்கு அறையிலிருந்தும் எல்லாரும் இறங்கினார்கள், வாத்தியார் கடைசியாக. பட்டறை போய்விட்டது, ஆள் சேதம் இல்லை. பக்கத்து ஊர் வண்டி வந்தபோது புகைதான் மிச்சம்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது, யார் உத்தரவின் பேரில் திறந்தீர்கள் என்று. சோதனை ஓட்டம்னு எழுதிடு, யாரும் கிளற மாட்டாங்க என்றார் அப்பா. ஊரெல்லாம் என்னைப் பார்த்து, பெத்த மனசு சும்மா இருக்குமா என்றார்கள். அதுதான் எனக்கு முள்ளாகக் குத்தியது. வாத்தியாரோ வழியில் பார்க்கும்போதெல்லாம் நின்று கும்பிடாத குறை. நாலு நாள் அவரைப் பார்த்தாலே தெரு மாறிப் போனேன். ஐந்தாம் நாள் முடியவில்லை. சார், உங்களைப் பார்த்தப்ப நான் திறக்கலை, என் பொண்ணைப் பார்த்த அப்புறம்தான் திறந்தேன் என்று நடுத்தெருவில் சொல்லிவிட்டேன். அவர் முகம் கொஞ்சம் வெளுத்தது. வயலின் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். பிறகு, எவ்வளவு நேரம்மா என்று கேட்டார். இரண்டு நிமிஷம் இருக்கும் என்றேன். மேலே நின்ன எனக்கு அது ரொம்பப் பெரிசா இருந்துச்சு என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சொல்லாததும் நல்லதுதான். போகும்போது மட்டும் திரும்பி, இதை மெமோ அனுப்பினவங்ககிட்டயும் சொல்லுங்கம்மா என்றார்.

சொன்னேன். இரண்டு ஊர் அதிகாரிகளும் உட்கார்ந்த விசாரணையில், சோதனை ஓட்டம் இல்லை, உத்தரவுக்குக் காத்து இரண்டு நிமிஷம் வீணாக்கினேன், என் மகள் மேலே இல்லாவிட்டால் இன்னும் எத்தனை நிமிஷமோ என்று எழுதியதையே வாசித்தேன். தண்டனை கொடுப்பதானால் திறந்ததற்குக் கொடுக்காதீர்கள், தாமதத்துக்குக் கொடுங்கள் என்றேன். பக்கத்து ஊர்ப் பொறியாளர் ஒரு பெண், என்னைவிடச் சின்னவர், நானும் போன்தான் பண்ணியிருப்பேன் என்று மெதுவாகச் சொன்னார். கடைசியில் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். இரண்டு ஊருக்கும் பொதுவாக அச்சடித்த முதல் விதித்தாள் நேற்று வந்தது. தீ என்றால் வால்வுக்கு அருகில் இருப்பவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு வரி. ஹோஸ் மரையையும் ஒரே அளவாக்குகிறார்கள். ஊர்ப் பெயர் இன்னும் முடிவாகவில்லை.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் அழுதாள், பிறகு, நீ இதை தம்பிக்கும் எழுதும்மா, இல்லேன்னா தூங்க மாட்டே என்றாள். நேற்று நன்றாகத் தூங்கினேன். நீயும் மருமகளும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் துணையாக, மனநிறைவோடு இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசியும் என் ஆசியும். ஒன்று மட்டும் மறக்காமல் செய். உங்கள் கட்டடத்தில் பின்பக்கப் படிக்கட்டுக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று முன்பு சொன்னாயே, இன்றைக்கே இறங்கிப் போய்ப் பார். பூட்டியிருந்தால் யார் உத்தரவுக்கும் காத்திருக்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா