நான் சொன்ன ‘இல்லீங்க’

ஜூலை 8, செவ்வாய்

கடலைக்காட்டில் மறுபடி பன்றி இறங்கிவிட்டது. கிழக்கு வரப்பை ஒட்டி உழுதுபோட்ட மாதிரி கிடக்கிறது. பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் டிவி ரிமோட்டை எறிந்தார். சுவரில் பட்டு பேட்டரி எங்கோ ஓடிவிட்டது. கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்திலும் மகள் யுவஸ்ரீதான் சோபாவுக்கு அடியில் தேடி எடுத்தாள். எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். அவர் எறிவார், நாங்கள் பொறுக்குவோம். ஆள்மேல் எறிய மாட்டார். அரை மணியில் “ஏங்கண்ணு, காப்பி இருக்குதா?” என்று குழைந்துகொண்டு வருவார்.

“அய்யனோட துப்பாக்கி ஊட்ல இருந்திருந்தா ஒரு வெடி போதும், ஓடியே போயிருக்கும்” என்றார். மாமனார் தவறியபின் அதைக் கோவையில் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருக்கிறோம். லைசென்ஸைத் தன் பேருக்குக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார்.

ஜூலை 9

மாமனார் இருந்தபோது துப்பாக்கியை ஒரு பீரோவிலும் தோட்டாவை இன்னொன்றிலும் பூட்டுவார். தோட்டா சாவி அத்தையிடம். மாமா கோபமாக இருந்தால் அத்தை தர மாட்டார், மாமாவும் கேட்க மாட்டார். சாவி என்னிடம் இருந்தால் இவர் கேட்காமல் இருப்பாரா? கேட்டால் நான் தராமல் இருப்பேனா?

ஜூலை 13, ஞாயிறு

அப்பாவும் மகளும் சாப்பிடும்போதே வாக்குவாதம்.

“வேலி போடலாமில்லீங்கப்பா?”

“வேலியத் தோண்டிப்போட்டு வருது அம்மணி. நாலு மாசப் பாடு, உனக்கென்ன தெரியும்?”

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். காட்டைப் பார்த்தால் எனக்கே சுடத் தோன்றுகிறது. ஆனால் காட்டுக்குப் போகும் அந்த வண்டித்தடத் தகராறு? பங்காளி காளிச்சாமி தடத்தில் டிராக்டரை நிறுத்துவதும் இவர் போய்க் கத்துவதும் வாராவாரம் நடக்கிறது. பன்றிக்கென்று வரும் துப்பாக்கி பன்றியோடு நிற்குமா?

ஜூலை 17, வியாழன்

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு விசாரணைக்கு வந்தார். இவரும் பக்கத்திலேயே நின்றார்.

“ஏனுங்கம்மா, ஊட்டுக்காரருக்கு லைசென்ஸ் குடுக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை ஏதாச்சும் இருக்குங்களா?”

“இல்லீங்க...” என்று ஆரம்பித்தேன். ஏட்டு எழுதிக்கொண்டார். மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பியும் விட்டார்.

ஐயோ! நான் சொல்ல வந்தது அதுவா? பஸ்ஸில் யாராவது என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாலும் ‘இல்லீங்க...’ என்றுதான் வாயையே திறப்பேன். இந்த ஊரில் யார்தான் அப்படித் திறக்கவில்லை? அதற்குப் பிறகுதானே விஷயம் வரும்! அந்த மனுஷனும் இந்தப் பக்கத்து ஆள்தானே, அதுகூடவா தெரியாது? இல்லை, வந்த வேலை முடிந்தால் சரி என்று இருந்துவிட்டாரா?

ஏட்டைச் சொல்லி என்ன. மிச்சத்தை நான் சொல்லியிருக்கலாம். இவர் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நின்றார். கம்முன்னு இருந்துட்டேன்.

ஜூலை 18

தூக்கமில்லை.

ஜூலை 21, திங்கள்

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

“நீங்கதானுங்கம்மா இல்லீங்கன்னு சொன்னீங்க?” என்றார் ஏட்டு.

“அது ஆரம்பமுங்க. நான் இன்னும் முடிக்கலீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகைதான் வந்தது. “கெட்டவரில்லீங்க. கோவம் வந்தா கையில இருக்கறத எறிஞ்சுபோடுவாருங்க. அந்தக் கையில துப்பாக்கி வேண்டாமுங்க” என்றேன். இந்த முறை முழுதாக எழுதிக்கொண்டார். வந்து இவரிடமும் கேட்பார்களாம்.

காட்டிக்கொடுத்துவிட்டேனா? ஏட்டு வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 22

சொல்லிவிட்டேன். “ஸ்டேஷன்ல போயா சொன்னே?” என்று ஒரே கேள்வி. அதோடு சரி. எதையும் எறியவில்லை. எறிந்திருந்தாலாவது பொறுக்கியிருப்பேன்.

ஜூலை 26

காப்பியை யுவஸ்ரீயிடம் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.

ஜூலை 29, செவ்வாய்

மத்தியானம் தடத்தில் மறுபடி டிராக்டர், மறுபடி கத்தல். சோறு கொண்டுபோன தூக்குப்போசியை காளிச்சாமி மேல் எறிந்திருக்கிறார். ஆள்மேல்! புருவம் கிழிந்து ஒரே ரத்தம். எறிந்தவரே அவரை பைக்கில் ஏற்றி கிணத்துக்கடவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார். தையல் போட்டார்களாம். கண்ணுக்கு ஒன்றுமில்லை.

ரத்தச் சட்டையோடு வந்து சமையல்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கையில போசி இருந்துச்சு கண்ணு” என்றார். சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, “போசிதான் இருந்துச்சு.”

சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி ஊறவைத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஏட்டு வந்தார். நான் கதவோரம் நின்றேன்.

“ஏனுங்க, உங்க ஊட்டம்மா சொன்னதையும் எழுதியிருக்கறமுங்க. நீங்க என்ன சொல்றீங்க? லைசென்ஸ் வேணுமுங்களா?”

“இல்லீங்க...” என்றார் இவர்.

இந்த முறை ஏட்டு பேனாவை எடுக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இவர் மிச்சத்தைச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

“அவ்வளவுதானுங்க” என்று இவர் என் பக்கம் திரும்பினார். “கண்ணு, ஏட்டையாவுக்கு மோர் கொண்டா” என்றார்.