கியால்பு மாமாவின் கேமரா வேண்டாம்

அன்புள்ள மகள் யாங்ஜினுக்கு,

போர்ட்சேயில் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீயும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உருளைக்கிழங்கு நட்டாயிற்று. கறுப்பு யாக் மறுபடி நொண்டுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, சொன்னால் கேட்கிறாளா.

உன் கடிதம் கிடைத்தது. கோடையில் மலையேறப் போகிறாய், சின்னதாய், அடிபட்டாலும் உடையாத கேமரா எது என்று கேட்டிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். கியால்பு மாமா தன் கேமராவைக் கொடுத்தனுப்புகிறாராம், வாங்கிக்கொள்ளட்டுமா என்று அடியில் ஒரு வரி.

கேமரா உள்ளங்கையில் அடங்க வேண்டும். கடையிலேயே தடித்த கையுறை போட்டுப் பொத்தானை அமுக்கிப் பார், கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும். முன்னால் மூக்கு நீட்டுகிற கேமரா ஆகாது, அந்த இடுக்கில் பனித்தூள் புகுந்தால் தீர்ந்தது. உன் மாமாவுடையது அந்த வகைதான். கயிறு கட்டி வெளியே தோள்வாரில் தொங்கவிடு. பேட்டரியை மட்டும் நெஞ்சோடு வை. நான் கேமராவையே வைத்தேன்.

அப்போது உனக்கு மூன்று வயது. மகாலு உச்சியில் கோட்டுக்குள்ளிருந்து எடுத்ததும் கேமராக் கண்ணாடி வேர்த்தது, வாயால் ஊதித் துடைத்தேன், ஊதின மூச்சு அப்படியே உறைந்துவிட்டது. படம் கழுவி வந்தால் முழுக்க வெள்ளை. எங்களை மலைக்கு அனுப்பிய கம்பெனிக்காரன், "என்ன அண்ணே, தயிரைப் படம் புடிச்சிருக்கீங்க?" என்றான். இவனைக் கேள் என்று உன் மாமாவைக் காட்டினேன். "ஒரே மேகம், மச்சான் மேல வந்தாரான்னு நான் கவனிக்கல" என்றான். ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறியவனுக்கு மறுமுனையில் ஆள் இருந்தது தெரியவில்லையாம். உச்சி தொட்டவர் பட்டியலில் என் பெயரை அடித்தார்கள். அடுத்த வருடம் குழுத்தலைவன் வேலை அவனுக்கு, மூட்டை எனக்கு.

"அண்ணனுக்கும் வயசாச்சு, பொண்ணு கையால சமாதானம் ஆகட்டுமே" என்கிறாள் உன் அம்மா. நீ வந்தாய், நான் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். இருபத்து நான்கு வருடமாக அந்த வார்த்தை அவனிடம் இல்லை, கொடுக்கக் கேமரா இருக்கிறது.

உன் இஷ்டம் என்று எழுத மாட்டேன். வாங்காதே. அதையும் மீறி வாங்கினால், அதில் எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பு. எனக்குக் காட்டக் கூடாதென்று அவளிடம் சொல்லியாயிற்று.

போகிற மலை உன்னை முழுசாகத் திருப்பி அனுப்பட்டும். ஏறுமுன் புகை போட்டுக் கும்பிட மறக்காதே.

இப்படிக்கு,
மகாலு உச்சியில் நின்ற உன் அப்பா,
சுல்திம்