தீர்த்தத்தில் நின்ற செடி

என் அன்புக்குரிய அண்ணா,

பேசாமல் இருந்தது போதும். அப்பாவின் காரியத்துக்கு நீ பத்தாம் நாள்தான் வந்து சேர்ந்தாய். அன்று வாயை மூடிக்கொண்ட நான், பன்னிரண்டு வருஷம் உனக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை. நீ காலமாகிவிட்டாய் என்பதற்காக அந்தக் கோபம் ஆறிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். இப்போது எழுதுவது உன் செடியைப் பற்றி.

ஐப்பசியில் மன்னி உதகமண்டலத்து வீட்டைக் காலி செய்துகொண்டு இங்கே வந்தபோது, ஒரு டிரங்குப் பெட்டியும் நீ வளர்த்த ஃப்யூஷியாத் தொட்டியும்தான் கொண்டுவந்தாள். ரயிலில் மடியை விட்டு இறக்கவில்லையாம். சிவப்பும் ஊதாவுமாய்த் தலைகீழாகத் தொங்கும் அதன் பூவை நம் தெருப் பெண்கள் ஜிமிக்கிப் பூ என்றார்கள்.

மார்கழியில் இலை பழுத்தது. தை முடிவதற்குள் பாதி உதிர்ந்து, மிச்சம் வாடித் தொங்கியது. பனிதான் என்று நினைத்தேன். இலைகளைத் திருப்பிப் பூச்சி தேடினேன், இல்லை. தண்டை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை. உயிர் இருக்கிறது, பின் என்ன கேடு? தாகமோ என்று இன்னொரு செம்பு நீர் விட்டேன். மலையை விட்டால் பிழைக்காத செடியை ஏன் வளர்த்தாய் என்று உன்னைத்தான் திட்டினேன்.

போன வாரம் கோயில் நந்தவனத்துத் தோட்டக்காரர் முனுசாமியை அழைத்துவந்தேன். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார், தொட்டியைத் தூக்கினார், சிரித்துவிட்டார்.

“இன்னா சாமி, தாம்பாளத்துல கொளம் கட்டி வச்சிருக்கீங்க! தண்ணியிலயே நின்னுக்கினு இருக்குது, வேரு அழுகாம இன்னா பண்ணும்? குளிர்ல யாரு இதைத் தெனம் குளிப்பாட்டுறது?”

நான்தான். பெருமாளுக்குத் திருமஞ்சனம் ஆன தீர்த்தத்தைக் கால் படாத இடத்தில் சேர்க்க வேண்டும் இல்லையா? துளசி மாடம் கொல்லைக் கோடியில். பனியில் அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பி, முற்றத்து ஓரம் இருந்த உன் தொட்டியில் ஊற்றினேன். வழிந்து மிதிபடக் கூடாதே என்று அடியில் பித்தளைத் தாம்பாளம் வேறு வைத்தேன்.

தொட்டியைக் கவிழ்த்தோம். வேரெல்லாம் பழுப்பு, கெட்ட வாடை. வெள்ளையாக நாலைந்துதான் மிச்சம். முனுசாமி அழுகியதை நறுக்கி, கிளைகளையும் பாதியாகக் குறைத்து, ஆற்று மணலும் கரித்தூளும் கலந்த மண்ணில் மறுபடி நட்டார்.

மன்னி கதவோரம் நின்றிருந்தாள். “உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெனமும் பாத்துண்டுதான் இருந்தேன். பெருமாள் தீர்த்தம், வேண்டாம்னு எப்படிச் சொல்றது?” நட்ட செடியைப் பார்த்தபடியே, “நீங்களும் கோபக்காரர். நேக்கு வேற வீடு ஏது?” என்றாள்.

அண்ணா, உன் கையால் வளர்ந்தது என்று அவளிடம் இருப்பது இது ஒன்றுதான். அது சாவதை இரண்டு மாதம் பார்த்துக்கொண்டு, எனக்குப் பயந்து சும்மா இருந்திருக்கிறாள். உன்மேல் இருந்த கோபத்தை அவள் காதில் விழும்படி எத்தனை முறை பேசியிருப்பேன்? நீயும் இப்படித்தான் எனக்கு எழுதப் பயந்தாயா?

இன்று காலை வரை துளிர் இல்லை. வரும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் வராவிட்டாலும், இந்த வீட்டில் மன்னி வாய் திறக்கப் பயப்படாதபடி நான் நடந்துகொள்வேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

மன்னி மாதாமாதம் வாசிக்கும் பத்திரிகைக்குத்தான் இதை அனுப்புகிறேன். நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. ‘உன் தம்பி’ என்று கீழே எழுதினேன், அடித்துவிட்டேன். தம்பி என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஒன்றும் செய்துவிடவில்லை. கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன். யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியும்.