கதவுக்கு அடையாளம் தெரியாத முகம்

ஏங்க,

தூங்கிட்டிருந்தீங்க, எழுப்பல. சாப்பாடு மேஜை மேல இருக்கு. லேப்டாப்பை மூடிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்க.

நேத்து முகம் பார்த்துத் திறக்கிற பூட்டு திறக்காம நீங்க வாசல்ல கத்திக்கிட்டு நின்னப்போ நான் உள்ளதான் இருந்தேன். மன அழுத்தத்தைக் குறைக்கிற ஆன்லைன் வகுப்பு. காதுல ஹெட்போனோட, கண்ணை மூடி, காசு கட்டி மூச்சு விடக் கத்துக்கிட்டிருந்தேன். சத்தியமா கேக்கல. "வேணும்னே பூட்டுலேர்ந்து என் முகத்தை எடுத்துட்டே"ன்னு நீங்க சொன்னதும் நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். பேசியிருக்கக் கூடாது.

பூட்டு கம்பெனிக்கு போன் பண்ணிக் கேட்டேன். யாரும் எதையும் எடுக்கலையாம். குடிவந்த அன்னைக்கு எடுத்த உங்க படம் அப்படியே இருக்கு. அதுல வாயெல்லாம் பல்லா சிரிக்கிறீங்க. இப்ப ஆபீஸ் முடிஞ்சு வர்ற முகம் அதோட ஒத்துப்போகலையாம்.

மதியம் அவங்க ஆள் வருவார், புதுப் படம் எடுக்க. தினமும் வீடு திரும்புற முகத்தோடயே நிக்கணுமாம்.

வெளியே போனா சாவி எடுத்துக்கோங்க. செருப்பு வைக்கிற அலமாரி மேல இருக்கு.

இன்னொண்ணு. பழைய படத்தை அழிக்க வேணாம்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. அதுல சிரிக்கிற மனுஷன் என்னைக்காவது வந்தா வாசல்ல நிக்கக் கூடாது.