உன் கணக்கு முடிந்தது

இன்று காலை ஆதம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது என் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. உன் கணக்கு முடிக்கப்பட்டுவிட்டதாம். இத்தனை காலம் எங்களோடு இருந்ததற்கு நன்றி என்று வங்கி எழுதியிருந்தது. உனக்கு வர வேண்டிய நன்றி என் கைக்கு வந்திருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அந்தக் கணக்கைத் தொடங்க நீ என்னை மயிலாப்பூருக்குக் கூட்டிப்போனபோதே எனக்குக் குழப்பம்தான். தி.நகரில் நாம் வேலை பார்த்த துணிக்கடைக்கு எதிரிலேயே சம்பளம் போடும் வங்கி இருந்தது. அதை விட்டு இன்னொரு வங்கி எதற்கு? குளத்தைச் சுற்றி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாய்.

“அந்த பேங்க் கார்டு அவராண்ட கீதுக்கா. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் குடுத்துர்றாரு. தங்கச்சிக்கு வளைகாப்புன்றாரு, ஸ்டாண்டுல எவனுக்கோ டயர் வெடிச்சிச்சின்றாரு. குடிச்சா சண்ட போடலாம். அடிச்சா சண்ட போடலாம். இதுக்கு இன்னான்னு போட்றது?”

உன் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கடை வாசலில் உனக்காகக் காத்திருக்கும்போது எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்திருப்பார். அவரிடமா ஒளிக்கிறாய் என்று நினைத்தேன்; கேட்கவில்லை.

வங்கியில் தனியாக உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்று என்னையும் ஒரு கணக்கு தொடங்க வைத்தாய். எனக்குத் தேவையே இல்லாத கணக்கு. அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தோம். போன் நம்பர் கேட்டதும் எட்டி என் தோளைத் தொட்டாய். “அக்கா, உன் நம்பர் குடுக்கட்டா? என் போன அவருதான் நோண்டிக்கினு இருப்பாரு.”

அன்றிலிருந்து நீ பணம் போட்டால் செய்தி எனக்கு வரும். புடவையை மடித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்பாய்: “வந்துச்சாக்கா?” வந்தது என்பேன். அவ்வளவுதான் பேச்சு. ஆற்றோரத்து வீட்டை அரசாங்கம் இடித்து உங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகும், பஸ் மாறிப் பஸ் ஏறி வேலைக்கு வந்தாய். சாப்பாட்டு நேரத்தில் மயிலாப்பூருக்கும் ஓடினாய். பெண்ணை நர்சிங்கில் சேர்க்க என்றாய். உன் மனதில் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று அப்போது நம்பினேன்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் நான் உன்னைப் பார்த்தபோது நீ பேசும் நிலையில் இல்லை.

நீ போன பிறகும் உன் கணக்கில் வட்டி வரவு வைத்ததாக எனக்குச் செய்தி வந்தது. யாரிடம் சொல்வேன்? உன் கணவரிடம் சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். சொல்லாவிட்டால் உன் பெண்ணின் படிப்புக்கான பணம் அங்கேயே கிடக்கும். ஒருநாள் நான் மட்டும் வங்கிக்குப் போனேன். “நீங்க அவங்களுக்கு என்ன வேணும் மேடம்?” என்று அங்கிருந்த அதிகாரிப் பெண் கேட்டாள். கூட வேலை பார்த்தவள் என்றேன். வீட்டு மனிதர்கள்தான் வர வேண்டும் என்று அனுப்பிவிட்டாள்.

கடைசியில் உன் பெண்ணிடம் சொன்னேன். “நைனாவுக்குத் தெரியாம வேணாம் ஆன்ட்டி” என்றாள். அவளே அப்பாவிடம் சொன்னாள். மூவரும் போனோம்.

அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, “நாமினியா இவரத்தான் போட்டிருக்காங்க” என்று உன் கணவரைக் காட்டினாள்.

பெண்ணின் பெயரைத்தான் கொடுத்திருப்பாய் என்று நினைத்திருந்தேன். யாருக்குத் தெரியக் கூடாதென்று என் நம்பரைக் கொடுத்தாயோ, அவர் பெயரையே போட்டிருக்கிறாய். ஏன்டி? பெண் அப்போது சின்னவள் என்பதாலா? கேட்டதும் வாயில் வந்த பெயரா? இல்லை, நீ இல்லாவிட்டால் அவர் மாறிவிடுவார் என்று உனக்குத் தோன்றியதா? எப்படிப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

பணம் அவர் கணக்குக்குத்தான் வரும் என்று அதிகாரி சொன்னாள். உன் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“என் கைல வந்தா நிக்காதும்மா. பொண்ணுக்கு இங்கியே ஒரு கணக்கு தொறங்க. எனுக்கு வந்த கையோட அதுல போட்டுருங்க. கையெழுத்து இப்பவே வாங்கிக்கங்க.”

அதிகாரி காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். பெண்ணை உள்ளே உட்கார வைத்துவிட்டு நாங்கள் வாசல் படிக்கு வந்தோம்.

“அக்கா, கூடவே இருந்தவ நீ. சொல்லு. அவ என்னிய நம்புனாளா, நம்பலியா?”

நம்பினாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சாப்பிடாமல் நீ ஓடிய மதியங்கள் கண் முன் வந்தன. நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் பெயர் அங்கே இருக்கிறதே.

“தெரியலப்பா” என்றேன்.

கோபப்படுவார் என்று பயந்தேன். “உனுக்கும் தெரியலியா” என்று சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து காக்கிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் பெண் வெளியே வரும்வரை அங்கேயே இருந்தோம். இத்தனை வருடத்தில் அவரோடு அவ்வளவு நேரம் நான் இருந்தது அன்றுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். போவேன். அவர் கேட்ட கேள்வியை நான்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். திரும்பக் கேட்டால் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.