குந்தினால் தெரியும் ஊர்

இன்று அடையாறில் ஒரு பங்களாவில் மழைக் காட்சி எடுத்தோம். சூடான லைட் மேல் தண்ணீர் தெறித்ததும் ஒரு வாடை கிளம்பியது. கருகிய தூசியும் ஈர ரப்பரும் கலந்த வாடை. கேமராவை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். உன்னைக் கொன்றதும் இப்படி ஒரு மழைதான். தண்ணீர் லாரி வைத்துச் செய்த மழை, ஒட்டுப்போட்ட ஒயர், அதைக் கையில் பிடித்தபடி நீ.

நாம் இருவரும் எந்தக் கல்லூரியிலும் சினிமா படிக்கவில்லை. நொச்சிக்குப்பத்தில் படகின் நிழலில் உட்கார்ந்து, ஒரே ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படத்தை உன் செல்போனில் சத்தமில்லாமல் ஓட்டி ஓட்டிப் படித்தோம். ஒவ்வொரு ஷாட்டையும் நிறுத்தி, கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்று பந்தயம். தரை நிறையத் தெரிந்தால் கேமரா மேலே இருக்கிறது. கூரை தெரிந்தால் கீழே. அப்படிப் பார்க்கப் போய்த்தான் நீ கண்டுபிடித்தாய். முதலாளி வரும் இடமெல்லாம் அவர் தலைக்கு மேல் கூரை. கூலிக்காரி வரும் இடமெல்லாம் அவளைச் சுற்றித் தரை. ஏழைகளின் படம் என்று எல்லோரும் கொண்டாடும் படம் அது.

அவளை மேலிருந்து பார்ப்பது அனுதாபம் என்று நான் வாதாடினேன்.

“அனுதாபம் நின்னுக்கினுதான் வருமா மச்சி? குந்தினா வராதா?”

மறுநாள் காலை, ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த உன் அம்மாவின் பக்கத்தில் குந்தி, அவர் கண் மட்டத்தில் செல்போனைப் பிடித்தாய். மயிலாப்பூரிலிருந்து காரில் வந்து பேரம் பேசிய யாருக்கும் திரையில் தலை இல்லை. இடுப்பு, பை, மீனைக் காட்டி ஆட்டும் விரல். அவ்வளவுதான் ஊர்.

“என்னை எடுத்து இன்னா பண்ணப் போறே? மீனை எடு, அதுனாச்சும் விக்கும்” என்றார் அம்மா.

உன் முதல் படம் முழுவதும் இந்த உயரத்தில்தான் என்று அன்றே முடிவு செய்தாய். அதற்காகத்தான் லைட் தூக்கப் போனாய். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்க உன்னைப் போன்றவனுக்கு சினிமாக்காரர்கள் வேறு வழி வைத்திருக்கவில்லை. நீ செத்ததும், நீ தங்கள் ஆளே இல்லை என்றது படக் கம்பெனி. எப்படி உள்ளே வந்தான் என்று எங்களையே கேட்டார்கள்.

உன் உடலை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தோம். டிவிக்காரர் ஒருவர் தோளில் கேமராவோடு நின்றபடி, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உன் அம்மாவிடம், “அம்மா, கொஞ்சம் மேல பாருங்க” என்றார். அவர் சட்டையைப் பிடிக்க என் கை எழுந்தது. அதற்குள் அம்மா பேசினார்.

“நீ குந்து நைனா. எம்புள்ள அப்டித்தான் எடுப்பான்.”

டிவிக்காரர் குந்தவில்லை. செய்தியில் அம்மாவின் உச்சந்தலைதான் வந்தது. அம்மா சொன்னது வரவில்லை.

தி.நகரில் புடவைக் கடை விளம்பரமோ, நங்கநல்லூரில் கல்யாணமோ, தரையில் இருப்பவரை எடுக்கும்போது நானும் தரையில் உட்கார்ந்துவிடுகிறேன். பெரிய மனிதர்களின் தலை ஃப்ரேமுக்கு வெளியே போய்விடுகிறது. திட்டுகிறார்கள். அடுத்த வேலைக்குக் கூப்பிடுவதில்லை. போகட்டும். உன்னைத் தங்கள் ஆளில்லை என்றவர்களிடம் எனக்கு மட்டும் நல்ல பெயர் எதற்கு?