பழைய லிஃப்டை நிறுத்திவிட்டேன்

அன்பு மகள் கெர்லிண்டெவுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். கனடாக் குளிர் நம் டிரோல் குளிரைவிடப் பொல்லாதது என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

ஊரிலிருந்து யாராவது உனக்குச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன், பனிச்சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றும் நம் நாற்காலி லிஃப்டை நிறுத்திவிட்டேன். செப்டம்பரில் வந்த ஆய்வாளர், வடம் இந்தக் குளிர்காலம் தாங்கும், அப்புறம் புதுசு போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார், விடுதிகளும் நிரம்பிவிட்டன. போன திங்கட்கிழமை வருஷாவருஷம் செய்வதுபோல, நாற்காலிகளை வடத்தோடு பிடித்திருக்கும் கவ்விகளைத் தளர்த்தி ஒரு முழம் முன்னே தள்ளி முடுக்கினோம், ஒரே இடத்தைக் கவ்விக்கொண்டிருந்தால் வடம் நசுங்கும் என்று உனக்குத் தெரியாததா. பதினேழாம் நாற்காலியின் கவ்வி இருந்த இடத்தில் வடத்தின் இரண்டு இழை அறுந்திருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மூன்று வருஷம் முன்பு பனி முந்திக்கொண்ட அவசரத்தில், முன்னே தள்ள வேண்டியதைப் பின்னே தள்ளச் சொன்னவன் நான்தான். ஏற்கெனவே நசுங்கிய இடத்தையே எல்லாக் கவ்வியும் மறுபடி ஒரு வருஷம் கவ்வியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர்க் கூட்டத்தில் என் தப்பையும் சேர்த்துச் சொன்னேன். மேயர் இசிடோர், "நாப்பது வருஷமா ஓடுனது, இந்த ஒரு சீசன் ஓடாதாய்யா? ஆய்வாளர் கண்ணுல படாதது உனக்கு மட்டும் பட்டுடுச்சாக்கும்" என்றான். ரொட்டிக்கடை ஒட்மார், தப்புப் பண்ணினது நீ, பட்டினி கிடக்குறது நாங்களா என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. லிஃப்ட் சாவியை மேஜைமேல் வை என்றார்கள், நான் வைக்கவில்லை, இதை எழுதும்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

அவர்கள் கோபம் எனக்குப் பெரிதில்லை. திங்கட்கிழமை கண்டதை வெள்ளிக்கிழமை வரை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, பயமும் வெட்கமும் வாயைக் கட்டிவிட்டன. அந்த நாலு நாளும் உன் அம்மா மலைமேல் சாப்பாட்டுக் கடையைத் தயார்ப்படுத்த, மாவு மூட்டையும் முட்டைக்கோசுமாக அதே லிஃப்டில்தான் போய் வந்தாள். கூட்டத்துக்கு வந்திருந்தவள், வீட்டுக்கு வரும் வழியில், "நாலு நாளும் பச்சைப் பொத்தானை நீதானே அமுக்குன?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாளிலிருந்து மூட்டையைத் தோளில் போட்டு இரண்டு மணி நேரம் நடந்தே ஏறுகிறாள், பின்னால் போனால் ஒரு பையைக்கூட என்னிடம் தருவதில்லை.

நீ அங்கே வேலை பார்க்கும் லிஃப்டிலும் கவ்வி நகர்த்தும் நாளில் திசையை இரண்டு முறை கேட்டுக்கொள். கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவுக்குப் போன் போடு, எனக்குப் பரிந்து மட்டும் பேசாதே.

உன் அப்பா,
கோர்பினியன்